மேல் வீட்டுக்குப் போக வேண்டிய முருங்கைக்காய்

கார்த்திகை மழை புடிச்சு விலை ஏறிட்டா அந்தக் காம்பவுண்டுல முருங்கைக்காயை யாரும் விலைக்கு வாங்குறதில்ல. எட்டு வீடும் சேர்ந்து ஒரு முருங்கைக்காயைப் பேசி அமர்த்திக்குவாங்க. அது காலையில வரும். தோள்ல துண்டு கிடக்கும். முதல் வீட்டுச் சாம்பார்ல இறங்கி உக்காரும், வாசனையக் கொடுக்கும், ஏறி ஈரத்தைத் துடைச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். யாரு பல்லும் அது மேல படக் கூடாது. அவ்வளவுதான் பேச்சு.

இந்த ஏற்பாட்டுல இந்திராணிக்கு ஒரு குறையும் இல்ல. அவ குறையெல்லாம் வரிசையிலதான். கீழ ஏழு வீடு, மாடியில ஒண்ணு. கீழ கடைசி வீடு இவளோடது. முதல் வீட்டுல சம்மணம் போட்டு உக்கார்ற அதே முருங்கைக்காய், இவ சட்டிக்கு வரும்போது பஸ்ஸுல கால்வாசி சீட்டு கிடைச்ச ஆளு மாதிரி ஒதுங்கி உக்காரும். கொட்டாவி விடும். "மணி என்னாச்சு தங்கச்சி?"ன்னு கேக்கும். மாடியில கிரிஜா வீட்டுக்கு ஏறிட்டா மட்டும் இறங்க மனசே வராது அதுக்கு.

"ஏன், நாங்க மட்டும் தவிட்டையா கரைச்சு வச்சிருக்கோம்?"னு புருஷன் சோலைமலைகிட்ட கேட்டுப் பார்த்தா. அவன் "பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டான். கல்யாணமான நாள்ல இருந்து அவன் இன்னும் எதையும் பார்த்தபாடில்ல.

அன்னைக்கு விட முடியாது. அன்னைக்கு நாத்தனார் தவமணி சாப்பிட வர்றா. வருஷத்துக்கு ஒருதரம் வருவா. சாப்பிட்டுக் கையக் கழுவும்போது ஒரு வார்த்தை சொல்லுவா. அடுத்த வருஷம் அவ வர்ற வரைக்கும் அந்த வீட்டுக்கு அதுதான் பேரு. போன வருஷம் "தண்ணிச் சாம்பார்"னு சொல்லிட்டுப் போயிட்டா. இப்ப தபால்காரரே வாசல்ல நின்னு, "தண்ணிச் சாம்பார் வீடு இதுதானே?"ன்னு கேக்குறாரு. கேஸ் சிலிண்டர் அந்தப் பேருக்குத்தான் வருது. பக்கத்துல இருந்தவங்க ஒருத்தராவது "அப்படிச் சொல்லாதீங்க"ன்னு சொன்னாங்களா? அதுதான் இந்திராணிக்கு வயிறு எரிஞ்சது.

முருங்கைக்காய் வந்துச்சு. எட்டிச் சட்டிக்குள்ள பார்த்துச்சு.

"பருப்பு எங்க தங்கச்சி?"

"கரைஞ்சிருக்குண்ணே."

"ஊரை விட்டே போயிருச்சு போல." மெதுவா இறங்கிச்சு. "மேல் வீட்டுல தேங்கா அரைச்சு ஊத்துவாங்க. உடம்புக்கு இதமா இருக்கும்."

"இங்க இருக்குறதுதான் இருக்கும். உள்ள தள்ளி உக்காருங்க."

அது துண்டை எடுத்துச் சட்டி விளிம்புல போட்ட நேரம் பார்த்து, இந்திராணி டக்குன்னு தட்டைப் போட்டு மூடினா. தட்டு மேல அம்மிக் குழவியத் தூக்கி வச்சா. தவமணி சாப்பிட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் இங்கேயே கிடக்கட்டும்.

அந்நேரம் தவமணி செருப்பைக் கழட்டுற சத்தம்.

"வாங்க மதினி. உக்காருங்க."

"என்னமோ டொக்கு டொக்குங்குது?"

"சாம்பார் கொதிக்குது மதினி."

"கொதிக்கல," அப்படின்னுச்சு சட்டிக்குள்ள இருந்து முருங்கைக்காய். "நான்தான் தட்டுறேன்."

தவமணி பையைக் கீழ வச்சா. "திறந்து விடு தாயி. அது நாலு இடத்துக்குப் போற உடம்பு."

குழவிய எடுக்க வேண்டியதாப் போச்சு. முருங்கைக்காய் ஏறி வந்து, முதுகைத் துடைச்சுக்கிட்டு மாடிப்படியப் பார்த்து நடந்துச்சு. போற போக்குல ஒரு பெருமூச்சு வேற.

இந்திராணி சோத்தைப் போட்டுச் சாம்பாரை ஊத்தினா. தவமணி கரண்டிய வாங்கிச் சட்டிக்குள்ள விட்டு, கிணத்துல விழுந்த வாளியத் தேடுற மாதிரி துழாவினா.

"முருங்கைக்காய் இல்லையே."

"இப்பத்தானே மதினி போச்சு. நீங்களே பார்த்தீங்க."

"நான் பார்த்தேன். சாம்பார் பார்த்த மாதிரி தெரியலையே."

இந்திராணிக்குக் காது மடலெல்லாம் சூடாயிருச்சு. ஆகட்டும். தண்ணிச் சாம்பாருக்கு மேல என்ன பேரு வச்சிருவா? இனிமே யாருக்காகப் பட்டினி கிடக்கணும்? அடுப்பு மறைவுல ஒளிச்சு வச்சிருந்த கிண்ணத்தை எடுத்தா.

முந்தின நாள் பீர்க்கங்காய்க் கூட்டு. சீவின தோலை அவ எறியல. சொட்டு எண்ணெயில வதக்கி, உளுந்தும் வத்தலும் சிவக்க வறுத்து, ஒரு துணுக்குப் புளி வச்சு அம்மியில கொரகொரன்னு அரைச்சது. "தோலையாடி திங்குற?"ன்னு தவமணி கேட்டுருவாளேன்னுதான் மறைச்சு வச்சிருந்தா. இப்ப என்ன, கேட்டா கேக்கட்டும். தட்டைப் போட்டு எதிர்லயே உக்காந்தா. சுடுசோத்துல ஒரு உருண்டை துவையலை வச்சு, நல்லெண்ணெய் ஊத்திப் பிசைஞ்சா. தீயில சுட்ட அப்பளத்தை ஒடிச்சு வாயில போட்டா. அந்தக் கோபத்துலயும் அது நல்லாத்தான் இருந்துச்சு.

தவமணி கை சாம்பார் சோத்துல நின்னுருச்சு.

"அது என்ன?"

"தோலு."

"என்ன தோலு?"

"பீர்க்கங்காத் தோலு. எங்களுக்கு இதுதான். தேங்கா அரைச்சு ஊத்துற வீடு மேல இருக்கு."

"அட, கொஞ்சம் இப்படித் தள்ளு."

ஒருதரம் வாங்கினா. மறுதரம் கேக்கவே இல்ல, அவளே கிண்ணத்தை இழுத்துக்கிட்டா. விரல்ல ஒட்டினதையும் விடல. முருங்கைக்காய் வாசல்ல நிக்கிறதை ரெண்டு பேருமே அப்பத்தான் பார்த்தாங்க.

"துண்டை விட்டுட்டேன்," அப்படின்னுச்சு.

"துண்டு உங்க தோள்லதான்ணே இருக்கு."

முருங்கைக்காய் தோளைப் பார்த்துச்சு. கிண்ணத்தைப் பார்த்துச்சு. "ஒரு உருண்டை கொடேன் தங்கச்சி."

"உங்களுக்கு மேல தேங்கா காத்துக்கிட்டு இருக்கு. ஏறுங்க."

"நாளைக்கு உன் வீட்டுலதான் முதல்ல இறங்குவேன்."

"சம்மணம் போட்டு உக்காருவீங்களா?"

"உக்காருறேன்."

"கொட்டாவி?"

"விடல."

ஒரு உருண்டை கொடுத்தா. அது வாசப்படியில உக்காந்து மிச்சம் வைக்காம சாப்பிட்டுச்சு.

தவமணி எழுந்து முத்தத்துக்குப் போய்க் கையக் கழுவினா. அக்கம்பக்கத்துல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தவங்கெல்லாம் கையை நிறுத்திக்கிட்டாங்க.

"துவையல் வீடு," அப்படின்னா தவமணி.

யாரோ "துவையல் வீடு, துவையல் வீடு"ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பழகிக்கிட்டாங்க. இந்திராணி முந்தானையில முகத்தைத் துடைச்சா.

"காபி போடுறேன், உக்காருங்க மதினி."

"இல்ல தாயி, நேரமாச்சு." தவமணி பையை எடுத்து, தோள்ல கிடந்த முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டா. "அடுத்தது மேல் வீடு."

"மேல் வீட்டுல உங்களுக்கு என்ன மதினி?"

"இங்க நாத்தனார், அங்க நான் மாமியார்."

இந்திராணி ஒரு நிமிஷம் யோசிச்சா. இங்க வந்து அரை மணிகூட ஆகல. மாடிக்குன்னா மட்டும் எல்லாரும் நிதானமா உக்காருவாங்க. ஆனா அதை இப்பக் கேக்க வேண்டாம்னு விட்டுட்டா.

"அங்க சாப்பாடு நல்லா இருந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிராதீங்க."

"அதுக்குத்தானே கூப்பிட்டிருக்காங்க," அப்படின்னு சொல்லிட்டு தவமணி படியேறினா. முருங்கைக்காய் முன்னால போச்சு.

மேல கதவு திறந்துச்சு. "வாங்கத்தை"ன்னு கிரிஜா குரல் கேட்டுச்சு. கரண்டி சட்டியில இடிக்கிற சத்தம் வந்துச்சு. அப்புறம், "தேங்கா அழுகலா?"ன்னு தவமணி கேக்குறது கீழ வரைக்கும் தெளிவா வந்துச்சு.

இந்திராணி கிண்ணத்தை வழிச்சு, கடைசிக் கவளத்தைப் பிசைஞ்சா.