எட்டுத் தட்டு மாப்பிள்ளை

"எட்டா? ஏழுன்னு போன்ல மூணு தடவ சொன்னேனே! காதுல என்ன அடைச்சிருந்துது?"

தோவாவின் குரல் எங்கள் சந்து முழுக்கக் கேட்டது. நான் எதிர்வீட்டுக்காரி, உள்ளே இருந்தாலே காதில் விழும். இருந்தாலும் வாசலுக்கு வந்து நின்றேன், முகங்களையும் பார்க்க வேண்டுமே.

அன்று அவள் மகள் குயெனுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ரோல்ஃப், ஜெர்மன்காரன். சைகோனில் ஒரு வருஷம் இருந்து, வியட்நாம் பழக்கவழக்கங்களைப் பற்றி மூன்று மாத வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கியவன். அந்தச் சான்றிதழின் படத்தைத் தோவா ஆறு மாதமாகச் சந்தில் ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டிக்கொண்டிருந்தாள். "வெள்ளைக்காரர்தான், ஆனா நம்மளவிட நம்மளத் தெரிஞ்சவரு" என்று வேறு. தெரிந்தவர் வந்து நின்ற லட்சணத்தைப் பாருங்கள்.

சிவப்புத் துணி போர்த்திய சீர்த்தட்டுகளை ஏந்தி எட்டு வாடகைப் பையன்கள். வாங்கிக்கொள்ளப் பெண்வீட்டுப் பக்கம் ஏழு பெண்கள். எட்டாமவன் தனக்கு ஜோடி இல்லாமல் என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன், எனக்கு அறுபத்திரண்டு வயது.

எங்கள் நாம்தின் பக்கம், வடக்கே, தட்டு ஒற்றைப்படை. தட்டுக்குள் இருப்பதுதான் ஜோடி ஜோடியாக. சைகோனில் தட்டே இரட்டைப்படை. ரோல்ஃப் படித்தது தெற்கு, வந்து நிற்பது வடக்கு. வாய் மட்டும் நாடு முழுவதற்கும்.

"அம்மா, நான் விசாரித்தேன்," என்றான், செய்தி வாசிப்பவன் போல. "எட்டு என்பது செல்வத்தின் எண். தங்களுக்கு மறந்திருக்கலாம்."

"எனக்கா? எனக்கா மறந்துச்சு? நான் பொறந்ததே இந்தச் சந்துலய்யா!"

குயெனின் பெரியப்பா கொவாத் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணோட நல்ல நேரம் முடியுது. இன்னும் இருபது நிமிஷம். அதுக்குள்ள தட்டு முன்னோர் மாடத்துக்கு முன்னால போகலேன்னா நிச்சயம் கிடையாது, சொல்லிட்டேன்."

"ஒரு தட்ட எங்க வீட்ல வச்சுக்கறேன், ஏழாயிடும்," என்றேன். உதவிதான். கேக் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்த்தும் வைத்திருந்தேன்.

"நீங்க சும்மா இருங்க அக்கா! உங்களுக்குத் திங்கறதுலயே கண்ணு," என்றாள் தோவா.

அப்போதுதான் குயென் வெளியே வந்தாள், சிவப்பு நீள அங்கியில். குரலை உயர்த்தவில்லை. "ரோல்ஃப், எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்றது நல்ல யோசனை. ஒரே ஒரு தட்டு. எனக்காக."

அவன் போனில் எழுதி வைத்திருந்த குறிப்பைத் தேடினான். "குயென், ஒன்றை எடுத்தால் இணை முறிந்துவிடும். நான் உங்கள் பண்பாட்டைக் காப்பாற்றுகிறேன்."

"யார்கிட்டேருந்து?"

யோசித்தான் பாவி. நிஜமாகவே யோசித்தான். "மறதியிடமிருந்து," என்றான்.

குயென் பையன்கள் பக்கம் திரும்பினாள். "தம்பிங்களா, கை வலிக்கும். எல்லாத்தையும் வண்டியிலயே திருப்பி ஏத்துங்க."

"எத்தனைக்கா?"

"எட்டையும்."

"அடியே, சந்தே பாக்குதுடி!" என்று தோவா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"பாக்கட்டும்மா. இவரக் கட்டிக்கிட்டா, சமைக்க, கும்புட, அப்பாவுக்குத் திதி குடுக்க எல்லாத்துக்கும் இவர்கிட்ட நான் பாடம் கேக்கணும். முப்பத்தொரு வயசாச்சு. பள்ளிக்கூடம் போய் முடிச்சுட்டேன்."

ரோல்ஃப் போகும்போது தன் முகவரி அட்டையைக் கொவாத்திடம் இரண்டு கைகளாலும் நீட்டினான். அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து குயென் தாய்பின் என்ற ஊர்ப்பக்கத்து மாட்டு வைத்தியர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். குள்ளம், முன்வழுக்கை, யார் எது சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டுகிற ஆள். சந்தில் எங்கள் முகங்களில் விழிக்க முடியாமல் தோவாவும் மகளோடு போய்விட்டாள். ரோல்ஃப் தாய்லாந்துக்குக் குடிபோய், அங்கே ஏதோ வகுப்பில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி.