இருபத்தேழாம் அத்தியாயத்தின் அடிக்குறிப்பு

இளவரசியின் குதிரையை எந்தப் பக்கம் திருப்புவது என்று அகிலாண்டம் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. முன்னால் வெள்ளம் புரளும் கொள்ளிடம். பின்னால் பத்து கஜ தூரத்தில் எதிரி வீரர்கள். தொடர்கதையின் நாற்பத்தொன்றாம் அத்தியாயம் சாயந்திரத்துக்குள் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். எழுதியதைப் போனில் படம் பிடித்து அனுப்பும் பேத்தி இசைவாணி நாலரைக்குத்தான் காலேஜிலிருந்து வருவாள்.

"பொடவைய மாத்திக்கிட்டு கெளம்பும்மா" என்றான் மகன் சாரங்கபாணி. "பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீஸ்ல சமாதானக் கூட்டம்."

"வாய்க்கா சண்டைக்கு நான் எதுக்குடா?"

அவன் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஜெராக்ஸை நீட்டினான். அவள் எழுதியதுதான். இருபத்தேழாம் அத்தியாயம். மேலே இருந்த இளவரசியின் வசனத்தையும் கீழே இருந்த ஒற்றனையும் வெட்டிவிட்டு நடுவில் உள்ள கல்வெட்டை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். 'இவ்வாய்க்கால் நீர் மூன்று நாள் கீழவெளியார்க்கும் ஒரு நாள் மேலவெளியார்க்கும் பாய்வதாக. இதற்குத் தீங்கு செய்வான் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் படுவான்.' அடியில் பொடி எழுத்தில்: ஆதாரம், கீழவெளிப் படித்துறைக் கல்வெட்டு.

அந்த அடிக்குறிப்பு பிறந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ஆதாரம் ஒண்ணு போடுங்க மேடம், வாசகர்கள் கேக்குறாங்க" என்று உதவி ஆசிரியர் போனில் அவசரப்படுத்தினார். படித்துறையில் தான் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தாள். போட்டுவிட்டாள். மறுவாரம் நாற்பது கடிதம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று அடிக்குறிப்புகள், எல்லாம் அவளே செய்தவை.

பைக்கில் பாதி வழி போன பிறகுதான் வாயைத் திறந்தாள். "டேய், அது நானா கட்டுனதுடா. அந்தக் கல்லுல ஒரு எழுத்தும் கெடையாது."

வண்டி வேகம் குறைந்தது. நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை.

"இது வேற யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தெரிய வேணாம்." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "தொண்டக்கதிர்ல நிக்கிதும்மா பயிரு, கதிரு வெளிய வர்ற நேரம். இன்னும் நாலு நாள்ல தண்ணி பாயலன்னா எல்லாம் பதரு. மேலவெளிக்காரன் வாய்க்கால்ல பலகையப் போட்டு அடைச்சிட்டு ஒக்காந்திருக்கான். நீ ஒண்ணும் பேச வேணாம். கேட்டா தலைய மட்டும் ஆட்டு."

இருபுறமும் வயல் வெடித்திருந்தது. கைவிரல் நுழையும் வெடிப்பு. அவள் கதைகளில் பஞ்சம் வரும்போதெல்லாம் இதைத்தான் எழுதுவாள்.

தாலுகா ஆபீஸ் அறையில் ஃபேன் மட்டும் சத்தம் போட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் தாசில்தார் அம்மா. இடதுபுறம் மேலவெளி ஊர்த் தலைவர் கோவிந்தராசு, மடியில் துண்டோடு. பக்கத்தில் அவர் மனைவி அம்சம். அகிலாண்டத்தைக் கண்டதும் அம்சத்தின் முகம் மலர்ந்தது. "இந்த வாரம் கொள்ளிடத்துக்கிட்ட கொண்டாந்து நிறுத்திட்டீங்களேம்மா! எனக்குத் தூக்கமே இல்ல."

"செத்த சும்மா இரு" என்றார் கோவிந்தராசு.

தாசில்தார் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "இப்ப இருக்கற உத்தரவுப்படி மேலவெளி முறை முடிய இன்னும் எட்டு நாள் இருக்கு. அத மாத்தணும்னா ரெண்டு ஊரும் சம்மதிக்கணும். கோவிந்தராசு, நீங்க என்ன சொல்றீங்க?"

கோவிந்தராசு எழுந்தார். குரல் கரகரத்தது. "நானும் பிந்தி நட்டவன்தாங்க. என் வயலுக்கும் இந்தத் தண்ணி வேணும். புது உத்தரவு, கோர்ட்டுன்னா எதுத்து நிப்பேன். ஆனா கல்லுல வெட்டி வச்சிருக்குன்னா எதுக்க மாட்டேங்க. என் மக முழுகாம இருக்கா. பசுவக் கொன்ன பாவம் எனக்கு வேணாம்." அகிலாண்டத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அந்தக் கல்லுல அப்படித்தான் இருக்கா? ஆமான்னா இப்பவே கையெழுத்துப் போட்டுட்டு, போயி பலகைய எடுத்துடுறேன்."

சாரங்கபாணியின் முழங்கை அவள் விலாவில் லேசாக இடித்தது.

ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். நாற்பது வருஷமாக இல்லாத ராஜாக்களை உட்காரவைத்து எழுப்பியவளுக்கு இது பெரிய வேலையா? ஆனால் அவள் கதையில் ஏமாறுகிறவன் எவனும் இப்படி எதிரே நின்று, கண்ணைப் பார்த்து, தன் மகளுக்காகப் பயந்ததில்லை.

தலையை ஆட்டவும் தொடங்கிவிட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"இல்லீங்க."

"என்ன இல்ல?" என்றார் தாசில்தார்.

"கல்வெட்டே இல்ல. நான் கற்பனையா எழுதுனது. சாபமும் என்னோடதுதான்."

பின்வரிசையில் கீழவெளிக்காரர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பெத்த புள்ள வயித்துலயே அடிச்சிட்டியே ஆத்தா!" சாரங்கபாணி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அம்சம்தான் கேட்டாள். "அப்ப அந்த இளவரசி?"

"அவளும்தாம்மா."

திரும்பும்போது பஸ் இல்லை. அம்சத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஊர் எல்லையில், வாய்க்கால் பிரியும் இடத்தில், அம்சம் வண்டியை நிறுத்தினாள்.

முன்னாலேயே வந்துவிட்ட கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். மேலவெளிப் பக்கம் தண்ணீர் கரை முட்டி நின்றது. கீழவெளிப் பக்கம் சேறு, ஒரு ஒற்றைக் கொக்கு.

"என்னங்க?" என்றாள் அம்சம்.

"சாபம் இல்லன்னு ஆயிப்போச்சு" என்றார் அவர், அவர்களைப் பார்க்காமல். "இனிமே நானாத்தான் யோசிக்கணும்."

தன் வயலைப் பார்த்தார். பிறகு கீழே, காய்ந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார். இரண்டு கையும் மேல்பலகையின் விளிம்பில் இருந்தன. பலகை இடுக்கில் கசிந்த தண்ணீர் நூலாக இறங்கிச் சேற்றைத் தொட்டது. கொக்கு கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.