நானே போய்ப் பார்த்த இடம்

என் சலூனுக்கு வருகிறவர்கள் தலையைக் கொடுப்பார்கள், வாய் என்னுடையது. லீவுக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் சட்டென்று ஓர் இடம் சொல்வேன். விளம்பரத்தை நம்பாதவன்கூட கழுத்தில் கத்தி வைத்திருப்பவன் சொன்னால் நம்புவான். "நானே போய்ப் பார்த்தேன்" என்று சேர்த்துவிட்டால் மறுபேச்சே இருக்காது.

என் தங்கையும் அப்படித்தான் நம்பினாள். அணைக்குக் கீழே ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டைச் சொல்லியிருந்தேன். இன்று காலை புருஷன், இரண்டு பிள்ளைகளோடு கிளம்பிவிட்டாள்.

உண்மையில் போய்ப் பார்த்தவர் மருந்துக்கடைக்காரர். அவர் சொன்னதைத்தான் நான் என்னுடையதாக்கிக்கொண்டேன். மதியம் அவரே ஷேவிங்குக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க போன மணல் திட்டுக்கு என் தங்கச்சிய அனுப்பியிருக்கேன்" என்றேன், கன்னத்தில் சோப்பைத் தடவிக்கொண்டே.

"நான் எங்கய்யா போனேன்? எலக்ட்ரிசியன் சொன்னதைச் சும்மா அளந்து விட்டேன். அவனுக்குச் சொன்னதே நீதானாமே!"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் எலக்ட்ரிசியன் நச்சரித்தபோது, எதிர்ச்சுவர் காலண்டரில் இருந்த அந்த மணல் திட்டின் படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னவன் நான்தான். அந்தப் பொய் ஊரைச் சுற்றிவிட்டு என் வீட்டுக்கே வந்திருக்கிறது.

"இப்பல்லாம் அங்க யாராவது போவாங்களாய்யா?" என்றார் அவர். "தினமும் மதியம் மூணு மணி வாக்குல அணையில தண்ணி திறக்கிறாங்க. மூணு தடவை சங்கு ஊதுவாங்க. மூணாவதோட வெள்ளம் வந்துரும்."

மணி இரண்டேமுக்கால். சோப்புக் கையோடு போனை எடுத்தேன். நான்கு முறை அடித்தும் கிடைக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தாள்.

"அண்ணா! சூப்பர் இடம். முழங்கால் தண்ணிதான். ஆனா ஒரு ஈ காக்காகூட இல்ல. ஏதோ சங்கு ஊதுது, இது ரெண்டாவது தடவை. நீ வந்தப்பவும் ஊதுச்சா?"

"பிள்ளைங்கள தூக்கிட்டுக் கரைக்கு ஓடு! நான் அங்க வந்ததே இல்லம்மா!"

அவள் சிரித்தாள். "போண்ணா, உனக்கு எப்பவும் விளையாட்டுத்தான். நீ வந்த இடம்னுதானே இவரு சரின்னாரு."

"சத்தியமா சொல்றேன், ஓடு!" தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் ஏதோ சொன்னாள். மூன்றாவது சங்குச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.