இப்ப கேக்குதா

அவர் காறத் தொடங்கியதும் நான் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. வெறும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்காகத்தான். அப்படியும் கேட்டது. அடித்தொண்டையில் முதலில் ஒரு உருட்டல், பிறகு எதையோ வேரோடு பிடுங்குகிற இழுப்பு, பிறகு ‘தூ’. கொஞ்சம் தண்ணீர் விடுவார், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். முடித்ததும் முகம் கழுவும் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார், அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வரும். ஆனால் அவர் என்னதான் கழுவினாலும் நான் அந்தத் தொட்டியில் பல் தேய்ப்பதில்லை. பின்னால் துணி துவைக்கிற குழாயடியில் நின்று தேய்த்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது பல் மருத்துவமனையில். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, திறந்த வாய்களுக்குள் குழாயை விட்டு எச்சிலை உறிஞ்சி எடுப்பதுதான் என் பிழைப்பு. சீழ், ரத்தம், சொத்தைப் பல்லுக்குள் முந்தாநாள் போய் உட்கார்ந்த சாப்பாடு, எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாளும் குமட்டியதில்லை. மதியம் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவள் நான். ஊரார் வாயெல்லாம் எனக்கு வெறும் வாய். கட்டிக்கொண்ட மனிதரின் வாய் மட்டும் ஏன் இப்படி ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் சோபா வேலை செய்கிறவர். பழைய சோபாக்களைப் பிரித்து, நைந்த பஞ்சையும் பொடிந்துபோன ஃபோமையும் அள்ளி வெளியே போட்டு, புதிதாக அடைத்து, துணியை இழுத்துத் தைத்துக் கொடுப்பார். யார் யாரோ வருஷக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த தூசியெல்லாம் அவர் தொண்டைக்குள் போகிறது. டாக்டரிடம் காட்டினோம். மாஸ்க் போடச் சொன்னார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது, தையல் தெரியவில்லை என்று இவர் இரண்டாம் நாளே அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். பாவம் மனுஷன் என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயிறு அதன்பாட்டுக்குப் புரட்டிக்கொண்டிருக்கும்.

தொண்டையோடு போகிறதா என்றால் அதுவும் இல்லை. சூப்பை உறிஞ்சுவார். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, அது உடைந்து விழுவதற்குள் ‘லபக்’ என்று வாயில் வாங்குவார். ஆப்பிளைக் கடித்தால் அடுத்த அறையில் இருக்கும் எனக்கு அது எந்தப் பக்கத்துக் கடைவாய் என்று தெரியும். சாப்பிட்டு முடித்ததும் பல்லிடுக்கில் நாக்கை விட்டு ‘ட்ச், ட்ச்’ என்று உறிஞ்சியபடி தொலைக்காட்சி பார்ப்பார். கல்யாணமான புதிதில் இதே மனிதர் பாதி கடித்துவிட்டுக் கொடுத்த பழத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றவள்தான் நான். என்றைக்கு அது மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளிடம் மட்டும் போனில் இதைப் புலம்புவேன். போன வாரம் அவள் பொறுமை இழந்துவிட்டாள்.

“அம்மா, நீ அப்பாவ இப்டிப் பேசுறத என்னால கேட்டுட்டு இருக்க முடியல. ஒண்ணு அவர்கிட்டயே சொல்லு. இல்லன்னா ஒரு நல்ல ஹெட்ஃபோனா வாங்கி மாட்டிக்கோ.”

சொல்வதாம். ‘உங்கள் சத்தம் கேட்டாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அந்த மனிதர் முன்னால் தட்டை எப்படி வைப்பது? சொன்ன பிறகு அவர் சத்தம் வராமல் மென்று தின்னப் பார்ப்பார், என் முகத்தைப் பார்த்துப் பார்த்து விழுங்குவார். அது இதைவிடக் கொடுமை. அவருக்குத் தெரியக் கூடாது. என்னால் அவருக்குக் கொடுக்க முடிந்த மரியாதை அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதையும் தொலைத்துவிட்டால் நாங்கள் ஒரே வீட்டில் இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

அதனால் ஹெட்ஃபோன் என்று முடிவு செய்தேன்.

“பாட்டு கேக்கணும்போல இருக்குங்க,” என்றேன். “வேலை முடிஞ்சு வந்தா அந்த மிஷின் சத்தமே காதுல நிக்குது.”

அவருக்கு ஒரே சந்தோஷம். “கேளேன், யாரு வேணாங்குறா? ரொம்ப மட்டமானது வேணாம், காது நோவும். ரொம்ப ஒசத்தியும் நமக்கெதுக்கு? வீட்ல உக்காந்து கேக்கத்தானே. நடுத்தரமா, வசதியா ஒண்ணு எடுப்போம். நானும் வர்றேன்.”

“நீங்க எதுக்கு? நானே போய்க்கிறேன்.”

“மெத்தை எப்டி இருக்குன்னு நான் பாக்க வேணாமா?”

இப்படியாக விடுமுறை நாளில் இருவரும் கிளம்பிப் போனோம். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடை. ஒரு சுவர் முழுக்க ஹெட்ஃபோன் பெட்டிகள். முன்னால் நீள மேஜையில் மாட்டிப் பார்ப்பதற்கென்று சிலவற்றைத் தாங்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் படுகிற மெத்தையெல்லாம் ஊர்ப்பட்ட பேருடைய தலை எண்ணெய் ஏறிப் பளபளத்தது. ஒன்றில் சுருண்ட முடி ஒட்டியிருந்தது. இன்னொன்றின் வலையில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது, அது என்ன என்று நான் யோசிக்க விரும்பவில்லை. விற்பனைப் பெண் அதை ஈரக் காகிதத்தால் ஒரு துடை துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் அவர் கைக்குட்டையை வாங்கி மூன்று தடவை துடைத்தேன். அவரோ அதைப் பற்றியெல்லாம் கவலையே படாமல் ஒவ்வொன்றின் மெத்தையையும் கட்டைவிரலால் அழுத்தி, விட்டு, அது மேலே எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஆறே மாசத்துல உக்காந்துடும். இதுக்கு மேல்தோல் உரியும், கழுத்தெல்லாம் கறுப்பா ஒட்டும். இத மாட்டிப் பாரு, துணி போட்டிருக்கான். காத்து போகும், காது வேர்க்காது.”

மாட்டினேன். தலையில் ஒன்றை வைத்த மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு லேசு. அந்தப் பெண் தன் போனிலிருந்து ஒரு வயலினை ஓடவிட்டாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. பாட்டு கேட்க வந்தேன் என்று நான் சொன்ன பொய் ஒரு நிமிஷத்துக்கு உண்மையாகிவிட்டது. இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது வயலினுக்கு நடுவே அந்த உருட்டல் வந்தது. அவர் நாலடி தள்ளி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். திரும்பி வந்தார்.

“கேட்டுச்சா?”

“என்னது?”

“நான் செருமினது.”

“இல்லையே.”

“கேட்டுச்சு. மூக்கு சுருங்குச்சு பாரு.” அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “எனக்குத் தொண்டை கொஞ்சம் மோசம்மா. இவங்களுக்கு அது ஆகாது. பாட்டு எப்டி வேணா இருக்கட்டும், அந்தச் சத்தம் மட்டும் உள்ள போகக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணு எடு.”

ஃபோம் எத்தனை அங்குலம் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணின் முன்னால் என் துணியை உருவிவிட்டது போல இருந்தது.

“அதுக்கில்லங்க. நான் பாட்டு கேக்கத்தான்…”

“பாட்டு கேக்கத்தான். யாரு இல்லன்னா?”

“உங்களுக்கு எப்பலேருந்து…”

“தொட்டியில ஒரு பாத்திரம்கூட இல்லாம தினம் தண்ணி ஊத்துதே, அது என்னன்னு எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு, “நானும் மெதுவாத்தான் பண்ணிப் பாத்தேன். வர மாட்டேங்குது. வராம உள்ள நின்னா மூச்சு முட்டுது,” என்றார்.

விற்பனைப் பெண் எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள். “வெளிச் சத்தத்தக் குறைக்கிற மாடல் இருக்கு சார். ஃபேன், ஏசி சத்தமெல்லாம் சுத்தமா போயிடும். பேச்சு, இருமல்லாம் கொஞ்சம் வரும். பாட்டு ஓடினா தெரியாது.”

“அதையும் பாத்துடுவோம்.”

இரண்டாவது மாட்டியவுடனேயே மண்டையை இரண்டு பக்கமும் நெருக்கியது. அவர் தள்ளிப் போய்ச் செருமினார், இந்த முறை கொஞ்சமாகத்தான் கேட்டது. நான் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். “கழட்டு, கழட்டு. அரை மணி நேரத்துல தலைவலி வந்துரும். வேற எடும்மா,” என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ‘போதும், வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இதோடு இந்தப் பேச்சு முடியாது, வீடு வரைக்கும் வரும், படுக்கை வரைக்கும் வரும். பேசாமல் மூன்றாவதை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் நினைத்திருந்த விலைக்குச் சற்று மேல். மெத்தை தடிமனாக, ஆனால் பஞ்சு மாதிரி காதைச் சுற்றி உட்கார்ந்தது. அவர் விளிம்பில் விரலை விட்டு எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எங்கும் இல்லை. அவள் பொத்தானை அழுத்தியதும் கடையே சட்டென்று அடங்கிப்போனது. வயலின் வந்தது. அவர் உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று கண்டுகொண்டு கையால் ‘இரு’ என்று காட்டிவிட்டு, கடையின் நடுவே போய் என்னைப் பார்த்து நின்றார்.

முந்தைய இரண்டு தடவையும் பேருக்குத்தான் செய்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த முறை வீட்டில் காலையில் செய்கிற மாதிரியே முழுதாகச் செய்தார். தலை முன்னால் போனது, கழுத்து நரம்பு புடைத்தது, தோள் இரண்டும் ஏறி இறங்கின. எனக்குச் சத்தமே இல்லை, வயலின்தான். ஆனால் கடைக்குக் கேட்டது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விலகினாள். கல்லாவில் இருந்தவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நல்ல சட்டை போட்ட ஒருவன் உதட்டைப் பிதுக்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னான், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் யார் இந்த மனிதரைப் பார்த்து முகம் சுளிக்க? இருபத்து மூன்று வருஷம் கூட இருந்து நான் சம்பாதித்த முகச்சுளிப்பு அது. வழியில் போகிறவர்களுக்கெல்லாம் அதில் என்ன பாத்தியதை?

அவர் அவர்களில் ஒருவரையும் கவனிக்கவில்லை. நிஜமாகவே செய்ததால் நிஜமாகவே வந்துவிட்டது போலும். கன்னம் லேசாக உப்பியிருந்தது, வாயை இறுக மூடியிருந்தார். துப்ப இடமில்லை. ஒரு கையால் சட்டைப்பையில் கைக்குட்டையைத் துழாவினார், அது என்னிடம் இருந்தது. ‘இப்ப கேக்குதா’ என்று வாய் திறந்து கேட்க முடியாததால் புருவத்தைத் தூக்கினார்.

இல்லை, கேட்கவில்லை. ஒரு பொட்டுச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. ஆனாலும் அந்த மூடிய வாயைப் பார்த்ததும் என் வயிறு வழக்கம்போல மேலே எழும்பி வந்தது. அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், பதிலுக்காக நின்றார். நான் முகத்தில் ஒரு நரம்பும் அசையாமல் பிடித்துக்கொண்டு, கைக்குட்டையை நீட்டியபடி, பாட்டுக்குள்ளேயே அவரை நோக்கி நடந்தேன்.