டுவேன் வரைந்த உலகம்

டுவேன் மார்லிஸுக்குத் தரவேண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது சென்ட். வாங்கியது வைத்தியத்துக்கு அல்ல, வாடகைக்கும் அல்ல. இல்லாத ஓர் உலகத்துக்கு வரைபடம் அச்சடிக்க.

இருவருக்கும் வேலை ஷெபாய்கன் என்ற ஊரில் ஒரு பாலாடைக்கட்டி ஆலையில். சனிக்கிழமை மதியம் டுவேன் வீட்டு நிலவறையில் கதை விளையாட்டு ஆடுவார்கள். அவன் கதையை நடத்துவான். மார்லிஸும், உடன் வேலை செய்யும் எர்லும் வீரர்களாகிப் பகடை உருட்டி அதற்குள் திரிவார்கள். வாரமெல்லாம் உப்புத்தண்ணீரில் ஊறிய கைகளுக்கு அதுதான் ஆறுதல். அதையும் இந்த மகாராஜா ஒரு குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்தான். கேட்டால், "வரைபடம் முடியட்டும்."

முடிந்தேவிட்டது. மேசை கொள்ளாமல் தொங்கியது துணிப்படம். பழசாகத் தெரியவேண்டுமென்று காப்பித்தண்ணீரில் முக்கியிருந்தான். அதன்மேல் நாய் காலைத் தூக்கியதுபோல் இருந்தது. ஒரே ஆறு இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போயிற்று.

"வடக்கு ராஜ்யத்த உனக்கே எழுதி வெச்சிடறேன் மார்லிஸ். பதிமூணு கோட்டை. கடனுக்கு ஈடு," என்றான் டுவேன், பெரிய மனசோடு.

"கோட்டையக் குடுத்தா டயர்க் கடைக்காரன் என் வண்டிக்கு டயர் போட்டுத் தருவானாடா?"

சிரித்ததில் எர்லுக்குப் பீர் புரையேறியது. "போதும், ஆட்டத்த ஆரம்பி."

டுவேன் தொண்டையைச் செருமினான். "நீங்க ஒரு கிராமத்துல நிக்கறீங்க..."

"எங்க? படத்துல காட்டு," என்றாள் மார்லிஸ்.

அவன் விரல் மலை ஏறியது, கடல் தாண்டியது, பாலைவனத்தில் நின்று திணறியது. பதினொரு கடவுளுக்குக் கோயில் இருந்தது. இரண்டு நிலாவுக்குப் பஞ்சாங்கம் இருந்தது. ஆட்டம் தொடங்கும் கிராமத்தை மட்டும் வரையவில்லை.

"சரி, அங்க யாரு இருக்கா?" மார்லிஸ் விடவில்லை.

"ஜனங்க... இருக்காங்க."

எர்ல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "இதுக்கு வீட்ல அழுக்குத் துணியாவது தொவச்சிருப்பேன். இனிமே சனிக்கிழமை என்னக் கூப்பிடாதீங்கப்பா."

இவன் போனால் சனிக்கிழமை ஆட்டமும் போச்சு என்று மார்லிஸுக்குத் தெரியும். பீட்சாப் பெட்டியின் மூடியைக் கிழித்தாள். பென்சிலால் ஒரு கிணறு, ஒரு சாராயக்கடை, கதவு உடைந்த ஒரு வீடு.

"எர்ல், உக்காரு. கெணத்துக்குள்ளேர்ந்து யாரோ உம்பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க."

எர்ல் வாசற்படியில் நின்றான். "யாரு?"

"பகடைய உருட்டு, சொல்றேன். டுவேன், அந்த நாற்காலிய விட்டு எந்திரி."

"கதை சொல்றவன் நாற்காலி அது! என்னோடது!"

"முந்நூத்திப் பன்னெண்டு டாலர் நாப்பது சென்ட்டுக்கு வாங்கிட்டேன். கடன் தீந்துது. எந்திரி."

டுவேன் எர்லைப் பார்த்தான். எர்ல் அதற்குள் உட்கார்ந்து பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தான். உலகத்தைப் படைத்தவன் பேரம்கூடப் பேசவில்லை. கடன் கழிந்த நிம்மதியோடு எழுந்துபோய் மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.