அத்தானின் ஜீப்பும் ஓர் அடிக்குறிப்பும்

1.

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. சாப்பாட்டு மேஜையில் வைத்து என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் அக்காவின் கணவர். ஊருக்கு அவர் மாட்டு டாக்டர், எனக்கு அத்தான். முப்பது வருடமாக ஒரே ஜீப்பில் மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் போய்வருகிறார். இனி ‘போய்வந்தார்’ என்று எழுத வேண்டியிருக்குமா என்பதுதான் பிரச்சினை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு, அந்த ஜீப் வாசலிலிருந்து ஆளில்லாமல் புறப்பட்டது. சரிவான எங்கள் தெருவில் இறங்கி, தையல்கடையைத் தாண்டி, முனையில் நின்றிருந்த குப்பை லாரியில் போய் முட்டியது. லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜீப்புக்கு முகமே இல்லை. நல்லவேளை, லாரி டிரைவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “உள்ள ஒருத்தரும் இல்ல சார், ஆனா ஹாரன் மட்டும் அடிச்சுக்கிட்டே வந்துச்சு” என்று இன்றுவரை மிரண்டுபோய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஜீப்பில் ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அது பழுதில்லை, பழக்கம் என்பார் அத்தான்.

வண்டி இப்போது மெக்கானிக்கின் ஷெட்டில் கிடக்கிறது. அடிச்சட்டமான சேஸிஸ் வளைந்துவிட்டது. சரிசெய்வதா, பழைய இரும்புக்குத் தள்ளுவதா என்று திங்கட்கிழமை காலைக்குள் சொல்லியாக வேண்டும், ஷெட்டில் இடமில்லையாம்.

“மாட்டுக்குன்னா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன் மாப்ள. பிழைக்கும், பிழைக்காதுன்னு. இது என் வண்டி. என்னால முடியல” என்றார் அத்தான். “நீ கதைதானே எழுதுற? இதை எழுதிப்பாரு. கதையில வண்டிக்கு என்ன ஆகுதோ, அதையே செஞ்சுடலாம்.”

நான் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உன் கதையில எல்லாம் கடைசில ஒருத்தர் ஜன்னல் வழியா வெளியே பாத்துக்கிட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி முடிவு வேண்டாம். மெக்கானிக்குக்கு போன் பண்ணி அதைச் சொல்ல முடியாது.”

இருபத்தாறு வருடத்தில் என் கதைகளைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் இது. அக்கா வீட்டு மாடி அறையில் வாடகையில்லாமல் இருப்பவன் என்ற முறையில் நான் தலையை ஆட்டிவைத்தேன்.

2.

முதல் தொடக்கம்: ‘மலைப்பாதைகளின் மகாராணியாகத் திகழ்ந்த அந்த

(அடித்துவிட்டேன். ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்தினால் மறுபக்கக் கதவு திறந்துகொள்ளும் வண்டியை மகாராணி என்று எழுதக் கை கூசுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘அன்று காலை காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. முற்றத்தில் எதை வைத்தாலும்

(இதையும் அடித்துவிட்டேன். காற்றைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.)

மூன்றாம் தொடக்கம்: ‘டாக்டர் கைபிரேக் என்ற ஒன்றை நம்பியதே இல்லை.’

இது நிற்கும். உண்மையும்கூட. அந்த ஜீப்பின் கைபிரேக்கை இழுத்தால் கையோடு வந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தினால் கியர் நழுவிவிடும். ஆகவே டாக்டர் ஒரு கல் வைத்திருந்தார். பெரிய பலாக்கொட்டையை நூறு மடங்கு ஊதவைத்த மாதிரி ஒரு வழவழப்பான கல். வண்டியை நிறுத்தியதும் இறங்கி, கல்லை எடுத்து, முன்சக்கரத்துக்கு அடியில் செருகி, ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். கிளம்பும்போது கல்லைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்வார். முப்பது வருடம், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. ஒருமுறைகூட மறந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை மறந்துவிட்டார்.*

(நட்சத்திரக்குறியைப் பார்த்தீர்கள் அல்லவா? அதற்கான அடிக்குறிப்பு பிறகு வரும். அவசரமில்லை.)

3.

இப்போது கதாநாயகன் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பழைய வண்டிக்காக ஒரு மனிதர் இவ்வளவு இடிந்துபோவாரா? வாசகர்கள் நம்புவார்களா?

ராத்திரி முழுக்க ஒரு பண்ணையில் இருந்துவிட்டு வந்து தூங்கி, அப்போதுதான் எழுந்திருந்த டாக்டர், மோதிய சத்தம் கேட்டு வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு தெருமுனைக்கு ஓடினார். முன்னால் நசுங்கியதை அவர் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். கல் உள்ளே கிடந்தது. பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

“வைக்கலியா நானு?” என்றார்.

வைத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். உதைத்ததாகக்கூட ஞாபகம். ஆனால் கல் வண்டிக்குள் இருக்கிறது. கல் பொய் சொல்லுமா?

அன்றிலிருந்து அக்காவின் சின்ன காரைக்கூட அவர் தொடவில்லை. மலைப்பண்ணைக்காரர்கள் போன் செய்தால் டவுனிலிருக்கும் வேறொரு டாக்டரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். அந்த டாக்டர் பூனையைத் தொடுவதற்கே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொள்கிறவர். கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டின் பக்கத்தில் அவர் போய் நிற்பதை நினைத்தால் எனக்கு மாட்டைவிட அவர்மேல்தான் இரக்கம் வருகிறது.

“வண்டியை விடுங்க அத்தான், நீங்க ஏன் வேலையை விடறீங்க?” என்று கேட்டேன்.

“கல்லையே மறந்தவன், நாளைக்கு மாட்டு வயித்துக்குள்ள கத்தரிக்கோலை மறந்துட மாட்டேனா?”

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே வண்டியைச் சரிசெய்வதா என்பதல்ல கேள்வி. தன்னைச் சரிசெய்யலாமா, இல்லை தன்னையும் பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாமா என்பதுதான் அவர் கேட்பது.

4.

முடிவு என் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் சிபாரிசுகள் வரத் தொடங்கின.

முதலில் அக்கா. மாடிப்படி ஏறவே ஏறாதவள், மூச்சிரைக்க ஏறிவந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்த நாத்தம் புடிச்ச வண்டி எனக்கு வேண்டாம்டா. சாணி, மருந்து, டீசல் எல்லாம் சேந்து, என் புடவையெல்லாம் கெட்டுது.”

“அப்ப இரும்புக்கடைன்னு எழுதிடவா?”

“எழுதிப்பாரு, கைய ஒடைக்கிறேன். ரெண்டு வாரமா வீட்டுல உக்காந்திருக்காரு. நேத்து டப்பா எல்லாத்தையும் எறக்கி, தேதி பாத்து அடுக்கி வச்சாரு. மொளகுத்தூள் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. பக்கத்து வீட்டுப் பூனையைப் புடிச்சு காய்ச்சல் பாக்கறாரு. அதுக்கு ஒண்ணுமே இல்ல, பாவம். இன்னிக்கு காலைல என் கண்ணை விரிச்சுப் பாத்து, ‘ரத்தம் கம்மி’ங்கறாரு.”

“சரி, அப்ப என்னதான் எழுதறது?”

“வண்டியும் வேண்டாம், இவரு வீட்டுல இருக்கவும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு யோசி. இதுக்குத்தானே உனக்கு சோறு போடறேன்?”

அடுத்து மெக்கானிக். ஷெட்டில் ஜீப்பின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நசுங்கிய ரேடியேட்டரைக் கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘எண்ணெய் படிந்த முகத்தில் கண்கள் மட்டும் மின்ன’ என்று எழுதலாம் என்று போனேன். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பவுடர் பூசியிருந்தார்.

“கதையில நம்மளும் வர்றோம்னு டாக்டர் சொன்னாரு” என்றார் வெட்கத்தோடு. “எழுதறதுதான் எழுதறீங்க, உயரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க சார்.”

(ஆறடி உயரமான மெக்கானிக், ஸ்டூலில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.)

“வண்டி தேறுமா?”

“சேஸிஸை நிமித்திடலாம். முன் ஆக்ஸில் தேடிப்பிடிக்கணும், மூணு மாசம் ஆவும். தேறும். ஆனா ஓட்டறவரு வேணும்ல? நேத்து வந்தாரு. டிரைவர் சீட்ல உக்காருங்க டாக்டர்னேன். மாட்டேன்னுட்டாரு. பின்சீட்ல உக்காந்துட்டுப் போயிட்டாரு.”

மெக்கானிக் என்னையே பார்த்தார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். கல் வைக்காம விட்டிருந்தா வண்டி அவரு எறங்கினதுமே உருண்டிருக்கணும். காலைல ஏழு மணிக்கு நிறுத்தினது, பத்தேமுக்கால் வரைக்கும் எப்படி நின்னுச்சு?”

நான் அசடு வழிந்தபடி, கதையின் அடுத்த பகுதி காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

5.

மூன்று முடிவுகள் தயாராக இருக்கின்றன.

அ) ஜீப் பழைய இரும்புக்குப் போகிறது. டாக்டர் அதன் ஹாரனை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்கிறார். (அக்கா என்னைக் கொன்றுவிடுவாள்.)

ஆ) ஜீப் சரியாகிறது. டாக்டர் அதில் ஏற மறுக்கிறார். அது வாசலில் நின்றுகொண்டே இருக்கிறது, அவர் ஜன்னல் வழியாக (வேண்டாம்.)

இ) டாக்டருக்கு ஓர் உண்மை தெரியவருகிறது. அதைச் சொல்கிறவர்

(இந்த வாக்கியத்தை இரண்டு நாளாக முடிக்க முடியவில்லை. பேனாவில் மை இருக்கிறது.)

* அடிக்குறிப்பு: டாக்டர் மறக்கவில்லை. ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தி, கல்லை வைத்து, உதைத்தும் பார்த்தார். பத்தரை மணிக்கு இந்தக் கதையின் ஆசிரியர் வாசல் முற்றத்தில், ஜீப்பின் பக்கத்தில் உட்கார்ந்து வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தார். காற்று பலமாக வீசியது. தாள்கள் பறந்தன. ஆசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். பாரம் வைக்கத் தோதாக, வழவழவென்று, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல் இருந்தது. அதைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து உருவும்போது அவர் மனதில் இருந்தது கதைக்குத் தேடிக்கொண்டிருந்த ஒரே ஒரு பெயரடைதான். ஜீப் உடனே நகரவில்லை. நழுவுவதற்குக் கியருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கும். ஹாரன் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அது தையல்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஆசிரியர் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். முட்டி நின்ற வண்டியை எட்டியதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கல்லை என்ன செய்வதென்று தெரியாமல், அது எப்போதும் கிடக்கும் இடத்தில், வண்டியின் பின்னால் போட்டார். திட்டம்போட்டுச் செய்யவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அத்தான் வந்து “வைக்கலியா நானு?” என்று கேட்டபோது வாயைத் திறந்திருக்கலாம். அன்று மாலை திறந்திருக்கலாம். பதினேழு நாளில் எந்த வேளைச் சாப்பாட்டிலும் திறந்திருக்கலாம். சாப்பிட மட்டுமே திறந்தார். ஒரு மனிதர் தன் கைகளையே சந்தேகப்பட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்க, இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். அந்த இன்னொரு கதையும் ஒன்றும் சரியாக வரவில்லை.

(அடிக்குறிப்பு நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளவும்.)

6.

ஞாயிற்றுக்கிழமை மதியம். எழுதியவரைக்கும் மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு நாள் வெளியூர் போய்விடலாம் என்று தாள்களோடும் பையோடும் இறங்கினேன். அக்கா படியடியில் மறித்து, தாள்களைப் பிடுங்கி, நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

“பையைக் கீழ வை” என்றாள். “நீயே குடு. அவரு கையில குடு. அவரு படிச்சு முடிக்கற வரைக்கும் எதிர்ல உக்காரு.”

உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியாமல் இந்த ஆறாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தான் எதிரில் படித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தாளையும் முடித்துக் கவிழ்த்து வைக்கிறார்.

ஒன்றாம் பகுதியில் தலையை ஆட்டினார். பூனையிடம் வந்ததும், “அதுக்கு காதுல பூச்சி இருந்துச்சு, அதை நீ எழுதல” என்று திருத்தம் சொன்னார். மெக்கானிக்கின் உயரத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார். பதினேழு நாளில் முதல் சிரிப்பு. அதை இந்த அடிக்குறிப்பு கெடுக்கப்போகிறது.

இப்போது அடிக்குறிப்பில் இருக்கிறார்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கிறார். என்னைப் பார்க்கவில்லை.

எழுந்துவிட்டார்.

“ஏய்!” என்கிறார். எனக்கில்லை, சமையலறைக்கு. “ஏய், இங்க வாயேன்! நான் வச்சிருக்கேன்டி! கல்லை நான் வச்சிருக்கேன்! ஒதைச்சுக்கூடப் பாத்திருக்கேன்!”

அக்கா கரண்டியோடு வந்து நிற்கிறாள். அவர் தன் இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டுகிறார். விரல்கள் அசையாமல் நிற்கின்றன. அக்கா அழுகிறாளா, சிரிக்கிறாளா தெரியவில்லை, கரண்டி மறைக்கிறது. ஓர் ஆள் தப்பிப் பிழைத்துவிட்டார், அது போதும் என்று

(இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.)

ஏனென்றால் சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். மாட்டைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்வாரே, அந்தப் பார்வை. பிழைக்கும், பிழைக்காது. என்னைப் பார்த்தபடியே போனை எடுத்தார். எண்களை அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கே கேட்கிறது.

அழைப்பது மெக்கானிக்கையா, இல்லை என்னை மாடி அறையிலிருந்து கிளப்ப, தெருமுனையில் வீடு வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் தரகரையா என்று எனக்குத் தெரியாது. வாசகரே, உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தீர்ப்பானாலும் நான் ஒத்துக்கொள்கிறேன். “ஹலோ” என்கிறார், அத்தோடு என் கையிலிருந்து பேனாவையும்