கடைசி இருக்கையின் பாரம்

மாலை நாலு மணிக்கும் தண்டவாளத்தில் கை வைக்க முடியவில்லை. மரியசெல்வம் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் மேட்டின் நட்டுகளை முடுக்கிவிட்டு இறங்கினான்.

"விடலாம்க்கா."

செவந்தி மோட்டாரைப் போட்டாள். சங்கிலி டிராகன் ரயிலை முதல் மேட்டுக்கு இழுத்துப் போனது. முகப்பில் எலுமிச்சம்பழ மாலை. இருக்கைகளில் மணல் மூட்டைகள். எந்த ஊர்த் திருவிழாவில் இறங்கினாலும் முதல் ஓட்டம் சாமிக்கு. ஆள் ஏறுவதில்லை, செவந்தியின் புருஷன் ஆனந்தராஜைத் தவிர. அவன் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் உலர்ந்திருக்கிறது என்று சொல்வான்.

போன வருடம் குளத்தூரிலும் அப்படித்தான் உட்கார்ந்தான். கண்மாய்க் கரையில் ஈரத்தோடு அள்ளிய மணல், வெயிலில் காய்ந்து கனம் குறைந்திருந்தது. யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. பேரிங்குகளும் பழசு; லேசான வண்டியை அவை சீக்கிரம் தேக்கிவிடும். வண்டி மூன்றாம் மேட்டைத் தாண்ட முடியாமல் பள்ளத்தில் ஊசலாடி நின்றது. ஆனந்தராஜ் இறங்கிப் பின்னாலிருந்து தோள் கொடுத்தான். வண்டி கொஞ்சம் ஏறியது. பிறகு பின்னுக்கு உருண்டு, ஏறிய உயரத்தை அப்படியே புருஷன்மேல் திருப்பிக் கொடுத்ததைச் செவந்தி பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அவன் செத்த பிறகு இன்றுதான் வண்டி ஓடுகிறது. இந்த நார்த்தாமலைத் திருவிழாவில் மற்ற எல்லா இருக்கையிலும் மூட்டை வைத்தார்கள். கடைசி இருக்கையில் மட்டும் அவள் வைக்க விடவில்லை.

ரயில் மூன்று மேட்டையும் தாண்டி வந்தது. பிரேக் கட்டையை அழுத்தினாள். வழுக்கிக்கொண்டே போய்த்தான் நின்றது.

மரியசெல்வம் குனிந்து பார்த்தான். "இந்தப் பாரத்துக்கு இம்புட்டுத் தூரம் வராதே. பிரேக்குத் தேஞ்சிருச்சோ?"

"பேரிங்கு புதுசுல்ல? வேகம் கூடியிருக்கும்."

"அதுவும் இருக்கலாம். மேட்டுல ஏறுன ஒயரந்தான் வண்டிக்குப் போட்ட சோறு. வழியில யாரும் ஊட்ட மாட்டாங்க. பேரிங்கு தின்னது போக மிச்சந்தான் இங்க வருது. வேகத்த வச்சு எத்தன பேரு இருக்காங்கன்னு சொல்ல முடியாதுக்கா. நிறுத்தும்போதுதான் தெரியும். பாரம் கூடுனா வழுக்கும். பிரேக்குச் சரியான்னு பாக்காம புள்ளைகள ஏத்த முடியாது."

மூட்டைகளையெல்லாம் இறக்கினான். வண்டியைக் காலியாக ஓடவிட்டார்கள். நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டான். பிறகு முன்னிருக்கையில் ஒரே ஒரு மூட்டை வைத்து ஓடவிட்டான்.

பக்கத்தில் ராட்டினம் சுற்றும் நிலவழகன் அங்கிருந்தே கத்தினான். "யோவ், சாமிக்கு எத்தன ரவுண்டுய்யா? ஆத்தாளுக்குத் தலை சுத்தி, வாந்தியெடுத்துறப் போறா!"

"ஒன் ராட்டினத்துல ஏறுனவளுக்கு இதெல்லாம் சும்மாய்யா!" என்றான் மரியசெல்வம்.

ரயில் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நின்றது. மரியசெல்வத்தின் முகம் தெளிந்தது. "ஒரு மூட்டையக் கூட்டுனாலும் காட்டுது பாருங்க. பிரேக்கு நல்லாத்தான் இருக்கு." பிறகு தயங்கினான். "கடைசி சீட்டுல வச்சும் ஒருக்காப் பாத்துருவோம்க்கா. அங்க ஆளு ஒக்காரணும்ல."

செவந்தி தானே மூட்டையைத் தூக்கிப் போய் அந்த இருக்கையில் வைத்தாள். ரெக்சின் சூடாக இருந்தது. வெயிலில் எல்லா இருக்கையும்தான் சூடு.

ரயில் போய் வந்தது. அழுத்தினாள்.

கோட்டின் மேலேயே நின்றது. காலி வண்டி நின்ற அதே கோடு.

மறுபடி விட்டார்கள். அதே கோடு. மூட்டையை முன்னுக்கு மாற்றினால் ஒரு சாண். பின்னால் வைத்தால் கோடு.

மரியசெல்வம் மூட்டையைத் தூக்கிப் பார்த்தான். கனமாகத்தான் இருந்தது. அடியில் படுத்து ஸ்பிரிங்கைப் பார்த்தான். எழுந்தபோது செவந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"முன்ன அந்தச் சீட்டு காலியா இருந்துச்சாக்கா?"

"நீதான் பாத்தியே."

"பாரம் கூடலையே. அப்ப, இத வைக்கிறப்ப அங்கேருந்து ஏதோ..." நிறுத்திக்கொண்டான். காலால் கோட்டை அழித்தான். "பிரேக்குல கோளாறு இல்ல. தெறந்துறலாம்."

கோவில் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. எலுமிச்சை மாலையை அவிழ்த்து வைத்துவிட்டு மரியசெல்வம் ஆட்களை உள்ளே விட்டான். முன்பெட்டிகள் நிறைந்தன. மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி டிக்கெட்டோடு கடைசிப் பெட்டிக்கு வந்தாள்.

"இது காலிதானங்க?"

மூட்டை வைத்ததற்கே எழுந்துகொண்டவர். ஆள் உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று செவந்திக்குத் தெரியும். இவளை ஏற விட்டால் இன்றோடு போய்விடுவார். விடாவிட்டால் ஊர் ஊராக இந்தப் பெட்டியில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"அக்கா, ஏத்தவா?" மரியசெல்வம் கேட்டான்.

"இரு."

மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். வெறும் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி குனிந்தாள்.

"ஏங்க, எறங்குனா எங்கிட்டுப் போவீங்க?"